ஒரு செடியில் இரண்டு காய்

திருத்தணிக்கு நான் இரண்டு வேலையாகப் போனேன். ஒன்று, முருகனுக்கு முடி கொடுப்பது. இன்னொன்று, என் சமையற்காரன் சாமுவேலைக் கையோடு கிள்ளானுக்குத் திரும்ப அழைத்து வருவது. முதல் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் நான் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். சாமுவேல் ஒன்பது வருடமாக என் அடுப்படியில் இருந்தவன். அவனுடைய பிரியாணிக்கும், அதோடு வைக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கும் வெளியூரிலிருந்து கார் பிடித்து வருவார்கள். தன் மகள் பிறந்த அன்றைக்கும் அவன் என் அடுப்புக்கு முன்னால்தான் நின்றான். போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே வெங்காயம் வதக்கினான். அப்படிப்பட்டவன் விடுப்பில் ஊருக்குப் போய், அரை ஏக்கரில் கத்தரி நட்டுவிட்டு, திரும்பி வருகிற பேச்சையே எடுக்கவில்லை. போனில் கேட்டால் ஒரே பதில்தான்.

"இந்தக் கத்தரிக்கா நின்னுச்சின்னா நானும் இங்கயே நின்னுடுவேன்மா. இல்லன்னா பொங்கல் கழிஞ்சி வந்துடறேன்."

பொங்கல் கழிந்துவிட்டது. என் மகளுக்கு எட்டு வருடம் கழித்துக் குழந்தை பிறந்த வேண்டுதலும் பாக்கி இருந்தது. கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை சென்னையில் நான் ஏறிய மின்சார ரயில் திருத்தணி வரைக்கும் போகும் என்று நினைத்து ஜன்னலோரம் சாய்ந்திருந்தேன். அரக்கோணத்தில் எல்லாரும் இறங்கினார்கள். இவ்வளவு பேருக்கா இந்த ஊரில் வேலை என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, நான் எழுந்திருக்கவில்லை. பெட்டியைப் பெருக்க வந்த பெண் துடைப்பக் கட்டையால் என் பையைத் தட்டினாள்.

"எம்மா, எறங்கலயா? இது ஷெட்டுக்கு போவுது. உன்னயும் சேத்து கழுவி வுட்ருவாங்க."

எங்கள் ஊரில் ரயில் நிற்பதற்கு முன்னால் அறிவிப்பு வரும், குளிர்சாதனம் இருக்கும் என்று மனதுக்குள் ஒரு புகார் எழுந்தது. அந்த அறிவிப்பையும் கேட்காமல் நிலையம் தாண்டிப் போனவள்தான் நான் என்பதால் புகாரை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த ரயிலில் நசுங்கி உட்கார்ந்தபோது பக்கத்துப் பெண்மணி அவித்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளி என் மடியில் போட்டார். அவர்கள் அதைக் கல்லக்கா என்கிறார்கள். "மலேசியாவுல கல்லக்கா கெடைக்குமா?" என்று கேட்டார். சீனாவிலிருந்து வரும் என்றேன்.

"ஐயே, சீனா கல்லக்காவா? வோணாம்மா. அது பிளாஸ்டிக்கு. போன்ல வந்துச்சி."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தச் சீனக் கடலையை வறுத்துச் சட்னி அரைத்துத்தான் வருடக்கணக்காக வியாபாரம் செய்கிறேன்.

திருத்தணி நிலையத்தில் சாமுவேல் நின்றிருந்தான். கறுத்து, கொஞ்சம் இளைத்து, ஆனால் கிள்ளானில் இருந்ததைவிடப் பத்து வயது குறைந்தவன்போல இருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வேலை பார்க்கும்போதுதான் அவன் நன்றாக இருந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய வீடு கனகம்மாசத்திரத்திலிருந்து உள்ளே போகிற சாலையில் இருக்கிறது. அவன் மனைவி எஸ்தரை அதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் இன்னும் சிறியவளாக, வெட்கப்பட்டு ஒளிந்த மகளைப் பின்னால் மறைத்தபடி நின்றாள். சோறு போட்டு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு ஊற்றினாள். அந்தக் கசப்பும் புளிப்பும் இறங்கியபோது விமான அலுப்பெல்லாம் போய்விட்டது. இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினேன். ஆனால் கத்தரிக்காயால் பேர் வாங்கியவன் வீட்டில், அரை ஏக்கர் கத்தரி நட்டவன் வீட்டில், இலையில் கத்தரிக்காயே இல்லை.

"எங்கேப்பா உன் கத்தரிக்காய்?" என்றேன்.

"நாளைக்கு பாக்கலாம்மா," என்றான். எஸ்தர் ரசம் எடுக்க உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மலைக்குப் போனோம். முந்நூற்று அறுபத்தைந்து படி. வருடத்தில் ஒரு நாளுக்கு ஒரு படி என்று கணக்காம். என் முழங்கால் செப்டம்பர் வாக்கில் மறுத்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்துதான் டிசம்பருக்குப் போய்ச் சேர்ந்தேன். சாமுவேல் என் பையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். சன்னிதிக்குள் வரவில்லை. வெளியே செருப்புக்குக் காவலாக நின்றுகொண்டு, "நீங்க பொறுமையா பாத்துட்டு வாங்க. நான் எங்கயும் போவல," என்றான்.

முடி எடுப்பவர் தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு, "யாருக்கும்மா வேண்டுதல்?" என்று கேட்டார். மகளுக்கு என்றேன். "கொழந்தையா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பொம்பளைங்க குடுக்கிற முடியில பாதி அதுக்குதாம்மா," என்று சொல்லிக்கொண்டே கத்தியை வைத்தார். நரையும் கறுப்புமாக மடியில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருடம் என் மகள் ஒவ்வொரு மாதமும் எனக்குப் போன் செய்து எதுவும் சொல்லாமல் வைத்துவிடுவாள். அந்த மௌனத்துக்கெல்லாம் சேர்த்து அங்கே அழுது தீர்த்தேன். மொட்டையில் சந்தனம் பூசியதும் தலை குளிர்ந்தது.

இறங்கியதும் பசி. அடிவாரத்தில் ஒரு மெஸ்ஸில் பொங்கலும் வடையும் சொன்னோம். கல்லாவுக்கு மேலே புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: "இங்கு நாட்டுக் கத்தரிக்காய் மட்டுமே பயன்படுத்தப்படும்." கடை வைத்திருப்பவளுக்கு இன்னொரு கடையின் பலகையைப் பார்த்தால் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டேன்.

"உங்களுக்கு வரலயா அந்த வீடியோ?" என்றார் மெஸ்காரர். "ஒரே செடியில கத்தரிக்காவும் சுண்டக்காவும் காய்க்குதும்மா. ஜீன மாத்தி வுட்டுகிறானுங்க. இந்தப் பக்கம்தான் எங்கயோ. பொம்பளைங்க சாப்புட்டா கரு நிக்காதாம். கஸ்டமருங்க கேக்கறாங்க, அதான் போர்டு வெச்சேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க," என்றேன் நான்.

அந்த வீடியோ எனக்கும் வந்திருந்தது. இரண்டு மாதம் இருக்கும். கரு நிற்காது என்று ஒரு குரல் சொன்னதும் பயந்துவிட்டேன். மகள் அப்போது நிறைமாதம். முழுவதும் பார்க்கக்கூட இல்லை. போனில் இருந்த நாற்பது பேருக்கு ஒரே தட்டில் அனுப்பிவிட்டு, கடையிலும் ஒரு வாரம் கத்தரிக்காயை நிறுத்தினேன். நல்லது செய்த திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினேன். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வடையைப் பிட்டேன். சாமுவேல் பாதிப் பொங்கலை வைத்துவிட்டு இலையை மடித்தான். வயிறு சரியில்லையா என்று கேட்டதற்கு, "இல்லம்மா, போதும்," என்றான்.

திரும்பும் பேருந்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று சாமுவேலை இடித்தேன். அவன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். "இந்த அம்மாவுக்கு மண்டை நல்ல உருண்டையாக இருக்கிறது, எங்கள் நாத்தனாருக்கு மொட்டை போட்டபோது பலாப்பழம் மாதிரி இருந்தது" என்றார்களாம். கிள்ளானில் இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனோம். இடுப்பளவுக்கு மேல் வளர்ந்த செடிகள். ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டு, நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். எஸ்தரின் அண்ணன் தேவராஜ் பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டுகிறவர், ஓரத்தில் வெட்டி வீசுகிற துணியெல்லாம் இங்கே வந்துவிடும் என்று சாமுவேல் சொன்னான். காய்கள் ஊதா நிறத்தில் பளபளவென்று தொங்கின. கடைக்காரப் புத்தியில் கை தானாகப் போய் ஒன்றை அழுத்திப் பார்த்தது. முற்றாத, விதை வைக்காத நல்ல காய்.

வரப்போரம் கடைசிச் செடி. மேலே கத்தரிக்காய். அதே செடியின் அடியிலிருந்து முள்ளோடு ஒரு கிளை தனியாகக் கிளம்பி, அதில் கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய். பக்கத்தில் நீலத் துணி, பின்னால் ஒரு பக்கம் சாய்ந்த இரும்புக் கேட். இந்தக் கேட்டை நான் பார்த்திருக்கிறேன். துணியையும் பார்த்திருக்கிறேன். நாற்பது பேருக்கு அனுப்பியது இதைத்தான்.

"இது ஒட்டுக் கத்தரிமா," என்று சாமுவேல் சொன்னது தூரத்தில் கேட்டது. "சுண்டக்கா வேரு, கத்தரிக்கா தலை. நாத்துலயே ரெண்டையும் கீறி, கிளிப்பு போட்டு ஒட்ட வெச்சிடுவாங்க. சுண்டக்கா வேரு வாடாது, பூச்சி அரிக்காது. மாங்கன்னு ஒட்டறதில்ல, அதேதான். ஜீனும் இல்ல ஒண்ணும் இல்ல. கீழ சுண்டக்கா துளுத்தா கிள்ளி போட்டுடணும்னு சொல்லிதான் குடுத்தாங்க."

"அப்புறம் இதை ஏன் கிள்ளலை?"

அவன் எஸ்தரைப் பார்த்தான். எஸ்தர் முந்தானையைத் திருகினாள். "இவருக்கு சுண்டக்கா கொழம்புன்னா உசுரு. ஒம்போது வருஷமா போன்லயே கேட்டுகினு இருந்தாரு. ஒரு செடிய மட்டும் வுட்டு வெச்சேன்."

அந்தச் செடியின் காயைத்தான் நேற்று நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மீதியையும் அவளே சொன்னாள். தேவராஜ் இந்த அதிசயத்தைப் பெருமையாகப் படம் பிடித்துத் தன் தறிக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். யாரோ அவர் பேச்சை எடுத்துவிட்டு, பயங்கரமான பின்னணி இசையும் வேறு குரலும் சேர்த்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. "எங்க தோட்டத்தயே எனக்கு அனுப்பிச்சாங்கம்மா. பத்து பேருக்கு அனுப்புங்கன்னு வேற இருந்திச்சி." சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அதிலிருந்து உள்ளூர்க் கடை எதுவும் அவர்கள் காயை எடுப்பதில்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் மட்டும் வந்து, எந்தத் தோட்டம் என்று சொல்லாமல் எங்கேயோ கொண்டுபோய் விற்கிறார். அவர் கொடுப்பதுதான் விலை.

என் வீட்டுக் கொல்லையிலும் ஒட்டுக் கட்டிய டுரியான் பழ மரம் ஒன்று நிற்கிறது. வருடா வருடம் அதில் காய்ப்பதைத் தின்றுவிட்டுத்தான் நான் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன். அங்கேயே சாமுவேலிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் மட்டும்தான் காரணம் என்றால் அது பொய். இந்தக் கத்தரி போணியாகாவிட்டால் சாமுவேல் என்னோடு வந்துவிடுவான் என்று ஒரு நினைப்பும் உள்ளே எட்டிப் பார்த்தது. சந்தனம் காயாத தலையோடு அப்படி நினைத்ததற்கு என்னை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை வீடே பரபரப்பாக இருந்தது. மறுநாள் அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. கரும்பு, பூசணி, நெல் என்று விளைந்ததையெல்லாம் ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள், பிறகு எல்லாருக்கும் விருந்து. சமையல் சாமுவேல் கையில். இந்தப் பக்கத்தில் பிரியாணி போட்டால் கத்தரிக்காய் இல்லாமல் இலை போட மாட்டார்கள். ஆனால் அவன் தோட்டத்துக் கத்தரிக்காய் வேண்டாம் என்று சபையில் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். சபைச் செயலாளர் மார்க்கெட்டில் வாங்கி அனுப்புவதாக ஏற்பாடு. "அவங்க பயம் அவங்களுக்கு," என்று மட்டும் சொன்னான் சாமுவேல்.

வெங்காயம் உரிக்க தேவராஜும் அவர் மனைவி செல்வராணியும் வந்தார்கள். செல்வராணி எஸ்தரோடு பேசி இரண்டு மாதம் ஆகிறதாம், அந்த வீடியோ வந்ததிலிருந்து. ஆனாலும் பண்டிகை வேலைக்கு வராமல் இருக்க மாட்டாள். நடுவில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். "அவங்கள அந்தக் கத்திய தரச் சொல்லுங்க மலேசியாம்மா" என்பாள் செல்வராணி. "கத்தி மொக்கையா கீது, வேற எடுத்துக்கச் சொல்லுங்கம்மா" என்பாள் எஸ்தர். இருவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. மொட்டைத் தலையோடு நான் தபால்காரி வேலை பார்த்தேன்.

தேவராஜுக்குப் பொறுக்கவில்லை. "நான் நெய்யுற நூலு என்னா பருத்தின்னு நெனைக்கிற? நம்ம நாட்டுல நெஜமா ஜீன மாத்தினது பருத்திதான். அத இடுப்புல கட்டிகினு ஊரே சுத்துது. அதுக்கு யாரும் பயப்படல. ஒட்டுச் செடிக்கு பயப்படறீங்க."

"இடுப்புல கட்றதும் வயித்துல போடறதும் ஒண்ணா?" என்றாள் செல்வராணி. "நல்லதுன்னா யாருனா படிச்சவங்க நம்ம ஊருக்கு வந்து குந்தி சொல்லட்டும். வெதை விக்கிறவன் நல்லதுன்றான். போன்ல விஷம்னு வருது. நான் யார நம்பறது?"

அவள் கேட்டதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. தேவராஜ் விறகு எடுக்கப் போனதும், என் தலையைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "யாருக்கு வேண்டுதல்?"

"மகளுக்குக் குழந்தை வேணும்னு. எட்டு வருஷம்."

"எனக்கு ஏழு," என்றாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "உங்க பொண்ணு கத்தரிக்கா சாப்டுச்சா?"

பப்பாளி, அன்னாசி, கத்தரிக்காய் என்று போனில் வந்ததையெல்லாம் பார்த்து என் மகள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தவள் நான். அதைச் சொன்னேன். கடைசியில் டாக்டர் பார்த்தபோது குழாயில் அடைப்பு, அதைச் சரிசெய்த பிறகுதான் தங்கியது, எட்டு வருடம் நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், டாக்டரைப் பார்க்கச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். இதை நான் என் மகளிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

செல்வராணி மூக்கை உறிஞ்சினாள். "நான் போனேன். எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அவர கூட்டிகினு வரச் சொன்னாங்க. அவரு தறிய வுட்டு வரமாட்டேன்றாரு." வெங்காயமா அழுகையா என்று தெரியாமல் எஸ்தர் தன் முந்தானை நுனியை அவள் பக்கம் தள்ளினாள். செல்வராணி அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசவில்லை.

அவர்கள் போன பிறகு, மார்க்கெட் கத்தரிக்காய் ஆட்டோவில் வந்து இறங்கியது. நல்ல நாட்டுக் காய் என்று செயலாளர் போனில் சொல்லிவிட்டார். சாமுவேல் சாக்கைப் பிரிக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாக்கின் வாயை நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணியால் கட்டியிருந்தது.

எஸ்தர் வந்து பார்த்தாள். "என் முடிச்சிங்க இது," என்றாள். "புதன்கெழம நான் கட்டிப் போட்ட சாக்கு."

அவன் தோட்டத்துக் காய் வியாபாரியோடு போய், மார்க்கெட்டில் நாட்டுக் கத்தரி என்று பேர் வாங்கிக்கொண்டு, அவன் வாசலுக்கே திரும்பி வந்திருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எஸ்தரும் சிரித்தாள். சாமுவேல் சிரிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றேன் நான். "பேசாம சமைச்சுப் போடு. எல்லாரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட பிறகு சொல்லு. அப்போ என்ன பேசுவாங்க?"

"தெரியாம சாப்புட்டா அது என்னாம்மா நம்பிக்க?" என்றான். "அப்புறம் என் கையால எதக் குடுத்தாலும் யோசிப்பாங்க. கிள்ளான்ல ஒரு நாளு கோழிக் கொழம்பு மீந்துச்சே, நீங்க என்னா சொன்னீங்க? நேத்து கொழம்புன்னு எழுதி வெய்யி, வோணும்னவங்க சாப்பிடட்டும்னீங்க."

சொன்னேன்தான். நான் சொன்னதை ஒருவன் இவ்வளவு நாள் வைத்திருப்பான் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆலயத்துக்குப் பக்கத்துப் பந்தலில் இலை போட்டார்கள். பிரியாணி வாசனை சாலை வரைக்கும் போயிருக்கும். முதல் பந்தி உட்கார்ந்ததும் சாமுவேல் கரண்டியோடு முன்னால் வந்து நின்றான். அவன் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்தக் கத்தரிக்கா மார்க்கெட்டுல இருந்து வந்துச்சி. ஆனா மார்க்கெட்டுக்கு என் தோட்டத்துல இருந்துதான் போயிருக்குது. எஸ்தர் முடிச்சி சாக்குல இருந்துச்சி. செயலாளரு மேல தப்பு இல்ல, அவருக்குத் தெரியாது. சுண்டக்கா வேருல ஒட்டின கத்தரி இது. நாங்க தெனமும் சாப்புடறோம். வோணும்னவங்க கேளுங்க, போடறேன். வோணான்றவங்களுக்கு வெங்காயப் பச்சடி கீது. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

போதகர் தொண்டையைச் செருமினார். செயலாளர் தன் இலையில் இருந்த பச்சடியைக் கூர்ந்து பார்த்தார். ஒருவர் பார்வை இன்னொருவர் மேல் போய், கடைசியில் பெண்கள் பக்கம் செல்வராணியிடம் வந்து நின்றது. கரு நிற்காது என்ற பேச்சு வந்தால் அந்த ஊரில் எல்லாரும் யாரைப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தலை குனியவில்லை.

"எல்லாரும் என்னயே பாக்கறீங்க," என்றாள். "பாருங்க. எனக்கு ஏழு வருஷமா இல்ல. இவங்க தோட்டம் போட்டே ஏழு மாசம்தான் ஆவுது. ரெண்டு மாசமா எம்மேல இருக்கிற கஷ்டத்த இந்தச் செடி மேல போட்டுகினு இருந்தேன். எஸ்தரு, எனக்குக் கத்தரிக்கா போடு."

எஸ்தர் சாமுவேல் கையிலிருந்த கரண்டியை வாங்கி அவசரமாக அள்ளிப் போட்டாள். இலையில் பாதி, தரையில் பாதியாக விழுந்தது. செல்வராணி தரையில் விழுந்ததையும் எடுத்து இலையில் வைத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து தேவராஜ் எழுந்து வந்து மனைவிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "எனக்கும் போடும்மா," என்றார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுதேன். மொட்டைத் தலை, சிவந்த கண், முன்னால் பிரியாணி. யாராவது படம் எடுத்திருந்தால் அதுவும் நாற்பது பேருக்குப் போயிருக்கும்.

எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் பச்சடியோடு எழுந்தார்கள். கை கழுவுகிற இடத்தில் ஒரு பெரியவர், "எதுக்கும் ரெண்டு வருஷம் போவட்டும், பாக்கலாம்," என்று சொல்லிக்கொண்டு போனார். செயலாளர் பந்தியில் தொடவில்லை. கடைசியில் தூக்குப் பாத்திரத்தில் வீட்டுக்கு வாங்கிப் போனார். ஆனால் அண்டா காலியாகிவிட்டது. அடியில் ஒட்டியிருந்ததை நான்தான் வழித்துத் தின்றேன்.

திங்கட்கிழமை காலையில் நான் பெட்டி கட்டும்போது, சாய்ந்த கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் பையோடு நின்றிருந்தார்கள். வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி ஆளுக்கு ஒரு கிலோ கத்தரிக்காய் கேட்டார்கள். இரண்டு கிலோவில் ஒரு குடும்பம் நின்றுவிடுமா என்று எனக்குத் தெரியாது. தேவராஜ் அன்று தறிக்குப் போகவில்லை, செல்வராணியோடு விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார் என்று எஸ்தர் சொன்னாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ரயில் நிலையத்துக்குச் சாமுவேல் வந்தான். எஸ்தர் கொடுத்தனுப்பிய சுண்டைக்காய் வற்றல் பொட்டலத்தை என் பையின் அடியில் பத்திரமாகத் திணித்தான். இதற்கு மேல் மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் சொல்லிவிட்டேன்.

"சாமுவேல், அந்த வீடியோவை நானும் அனுப்பினேன்பா. நாற்பது பேருக்கு."

"தெரியும்மா," என்றான் அவன்.

"எப்படித் தெரியும்?"

"நாப்பது பேருல நானும் ஒருத்தந்தானே. உங்ககிட்ட இருந்துதான் எனக்கு மொதல்ல வந்துச்சி."

நான்கு நாள் என் பையைத் தூக்கியிருக்கிறான். மலையில் என் செருப்புக்குக் காவல் நின்றிருக்கிறான். மெஸ்ஸில் நான் நல்ல காரியம் என்று சொன்னபோது இலையை மடித்தவன் இவன். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சுக்கோ என்றேன். "ஐயோ, விடுங்கம்மா. நீங்க பயந்துதானே அனுப்பிச்சீங்க," என்றான்.

ரயில் வந்துவிட்டது. ஏறி ஜன்னலில் உட்கார்ந்ததும் அவன் வெளியே நின்று கேட்டான். "நான் எப்பம்மா வரணும்? நீங்க சொன்னா டிக்கட்டு போட்டுடறேன்." அவன் வருவான். நான் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவான் என்று தெரிந்தது. அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன்.

"வராதே," என்றேன். "நீ வராதேப்பா. கத்தரிக்காயைப் பாரு."

அவன் ஏதோ சொன்னான். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை.

அரக்கோணம் வருவதற்குள் போனை எடுத்தேன். அந்த நாற்பது பேருக்கும் நடந்ததை எழுதினேன். ஒட்டுச் செடி என்றால் என்ன, யாருடைய தோட்டம், நான் எப்படி அனுப்பினேன் என்று ஒன்று விடாமல். அனுப்பிவிட்டு, சாமுவேலின் பேரைத் தொட்டு மேலே தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கே இருந்தது. சாய்ந்த கேட், நீலத் துணி, அந்தச் செடி. அதற்குக் கீழே நான் எழுதியது: "யாரும் கத்தரிக்காய் சாப்பிடாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அதற்கும் கீழே அவன் அன்றைக்கே அனுப்பிய பதில். நானும் அன்றைக்கே படித்திருப்பேன், என்னவென்று யோசித்திருக்க மாட்டேன்.

"சரிங்கம்மா. நீங்களும் ஒடம்ப பாத்துக்கங்க."